சான் ஹோசேயில் வீடு பார்க்கும்போது: மாநிலத் தளமா, தேசியத் தளமா?

குழந்தைகளோடு சான் ஹோசேயில் குடியேறுபவர்கள், அக்கம்பக்கத்தில் பாலியல் குற்றத்துக்காகப் பதிவானவர்கள் இருக்கிறார்களா என்று இலவசமாகவே பார்க்கலாம். வழி இரண்டு.

கலிஃபோர்னியா நீதித்துறையின் ‘மேகன் சட்டம்’ தளம் 2004 முதல் இருக்கிறது. 1994இல் நியூ ஜெர்சியில் எதிர்வீட்டுக்காரர் கொன்ற 7 வயதுச் சிறுமியின் பெயர் அது. ஊர், அஞ்சல் எண், பள்ளி, பூங்கா என எதை வைத்தும் தேடலாம். வரைபடத்தில் புள்ளிகள் தெரியும். ஒன்றைத் தொட்டால் படமும் குற்றப் பிரிவும் வரும். சிலருக்கு வீட்டு முகவரி இருக்காது, அஞ்சல் எண் மட்டும்தான். இன்னும் சிலர் பதிவில் இருந்தும் தளத்தில் வரவே மாட்டார்கள். அதனால் புள்ளியில்லாத தெருவைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள்.

தேசியத் தளம் 2005இல் வந்தது. நடத்துவது அமெரிக்க நீதித்துறை. அதற்கென்று தனிப் பட்டியல் கிடையாது, மாநிலப் பதிவேடுகளில் ஒரே நேரத்தில் தேடித் தருகிறது.

வீடு பார்க்க மாநிலத் தளம்தான் சரி. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வெளிமாநிலத்து ஆள் வருகிறாரா, அப்போது தேசியத் தளத்தில் பெயரைப் போடுங்கள். அப்புறம், படத்தையும் வயதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். இந்தத் தகவலை வைத்து யாரையும் தொந்தரவு செய்வதைக் கலிஃபோர்னியா சட்டம் தடுக்கிறது.