பத்மினிக்கும் அம்பாசிடருக்கும் ஆல்பைன் பவர் பேக், மெகுவயர்ஸ் நம்பர் 7, காலினைட் 845 வாங்கலாமா?

பத்மினியையோ அம்பாசிடரையோ கார் ஆக்ஸசரீஸ் கடை வாசலில் நிறுத்தினால் வரும் யோசனை எங்கும் ஒன்றுதான். டேஷ்போர்டை அறுத்து டச் ஸ்கிரீன், நான்கு கதவிலும் ஓட்டை போட்டு ஸ்பீக்கர், பெயின்ட்டுக்கு 9ஹெச் செராமிக் (மேலே இறுகி ஒட்டும் கோட்டிங்). புது வண்டிக்கு இதெல்லாம் பொருந்தும். பத்மினி 2001-லும் அம்பாசிடர் 2014-லும் உற்பத்தி நின்றுபோன வண்டிகள். அறுத்த டேஷ்போர்டுக்கு மாற்று தேடிப் பழைய இரும்புக் கடைகளில் அலைய வேண்டும். கம்பெனி பெயின்ட்டைத் தேய்த்து எடுத்துவிட்டால் அது போனது போனதுதான். அதனால் இங்கே பார்க்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே கேள்வி: நாளைக்கு வேண்டாம் என்று தோன்றினால் வண்டியைப் பழையபடி ஆக்க முடியுமா?

ஆடியோவில் இந்தக் கேள்விக்குத் தேறுவது ஆல்பைன் கேடிபி-445யு பவர் பேக். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய, நான்கு சேனல் கிளாஸ்-டி (கரன்ட்டை அதிகம் வீணாக்காத வகை) ஆம்ப்ளிஃபையர், சுருக்கமாக ஆம்ப். 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சேனல் ஒன்றுக்கு 45 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி). டேஷ்போர்டுக்கு அடியிலோ முன் சீட்டுக்குக் கீழோ கண்ணில் படாமல் உட்கார்ந்துகொள்ளும். பாட்டு போனிலிருந்து ஒரு ப்ளூடூத் ரிசீவர் வழியாக வரும். பழைய இரண்டு திருகு (நாப்) ரேடியோ டேஷ்போர்டில் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். சிங்கிள் டின் (கார் ஸ்டீரியோக்களின் பொது அளவு) செட் வைக்க 182 x 53 மி.மீ. செவ்வகம் வெட்ட வேண்டும். பழைய ரேடியோவுக்கு இருப்பதோ திருகுகளுக்கு இரண்டு துளை, நடுவே சின்ன ஜன்னல். நடுவில் இருக்கும் தகட்டை வெட்டி எடுத்தால்தான் புது செட் உள்ளே போகும். அந்த வெட்டைத் திரும்ப அடைத்து பெயின்ட் அடித்தாலும் தெரியும்.

ஆம்ப் வாங்குமுன் கரன்ட் கணக்குப் போட வேண்டும். இதைப் பெரும்பாலான கடைகள் போடுவதே இல்லை. டைனமோ (எஞ்சின் ஓடும்போது கரன்ட் தரும் பழைய வகை ஜெனரேட்டர்) உள்ள வண்டியில், லூகாஸ் சி40 வகை என்றால், உச்சமே 22 ஆம்பியர். ஐட்லிங்கில் ஏறக்குறைய ஒன்றும் வராது. இரவு மழையில் ஓட்டும்போது டிம்மில் ஹெட்லைட் 7 ஆம்பியர், டெயில் லைட்டும் மீட்டர் விளக்கும் 2, வைப்பர் 3, இக்னிஷன் 3 அல்லது 4. மிச்சம் ஆறேழு ஆம்பியர்தான். இந்த ஆம்ப் நான்கு சேனலிலும் முழு 45 வாட் தள்ளினால் 16 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஆனால் பாட்டு அப்படித் தொடர்ந்து முழு சக்தியில் ஓடாது. நல்ல சத்தத்தில் கேட்டாலும் சராசரி 3, 4 ஆம்பியருக்குள் அடங்கும். டைனமோவுக்கு அது சரியான அளவு. இதன் மேல் சப்வூஃபருக்கு என்று 500 வாட் மோனோ ஆம்ப் ஒன்றைச் சேர்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். முதல் மழை இரவிலேயே பேட்டரி இறங்கிவிடும். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் போட்ட வண்டிக்கு இவ்வளவு கவலை இல்லை.

அதற்கும் முன்னால் பேட்டரியின் எந்த முனை பாடியில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். பிரிட்டிஷ் வம்சத்துப் பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருக்கும். இன்றைய ஆம்ப், ப்ளூடூத் எல்லாமே நெகட்டிவ் எர்த்துக்குச் செய்தவை. மாற்றிக் கொடுத்த நொடியே போய்விடும். வண்டியை நெகட்டிவ்வுக்கு மாற்றலாம். பேட்டரி ஒயரைத் திருப்பி, இக்னிஷன் காயிலின் இரு முனைகளையும், ஆம்மீட்டர் இருந்தால் அதன் ஒயர்களையும் இடம் மாற்ற வேண்டும். பிறகு டைனமோவில் எஃப் என்று குறித்த சின்ன முனையில் இருக்கும் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரி பாசிட்டிவ்விலிருந்து ஒரு ஒயரை அந்த முனையில் ஓரிரு நொடி தொட்டு எடுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை மறந்தால் டைனமோ பழைய திசையிலேயே சார்ஜ் செய்யும், கட்அவுட் (டைனமோவைப் பேட்டரியோடு இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) கான்டாக்ட் எரியும். ஒயரிங் தெரிந்த எலக்ட்ரீஷியனுக்கு அரைமணி நேர வேலை.

பவர் ஒயர் 6 சதுர மி.மீ. செம்பு. ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஆம்ப் பக்கத்தில் வைத்தால் நடுவில் ஒயர் தகட்டில் உரசும்போது காப்பாற்ற எதுவும் இருக்காது. எஞ்சின் பக்கமிருந்து உள்ளே வரப் புது ஓட்டை வேண்டாம். ஸ்பீடோமீட்டர் கேபிள் வரும் ரப்பர் குரோமெட் வழியாகவே வந்துவிடும். வண்டியின் ஃபியூஸ் பாக்ஸிலிருந்து கரன்ட் எடுக்கக் கூடாது. ஆனால் ஆம்ப்பை எழுப்பும் ரிமோட் ஒயரை இக்னிஷன் சுவிட்சிலிருந்து எடுக்கலாம். நேராக பேட்டரியில் கொடுத்தால் சாவியை எடுத்தபிறகும் ஆம்ப் விழித்திருக்கும்.

பழைய வண்டியில் பாட்டோடு வரும் சத்தங்களில் இரண்டுதான் முக்கியம். ஆக்ஸிலரேட்டருக்கு ஏற்றபடி "டிக் டிக்" என்று வந்தால் இக்னிஷன். செம்பு உள்ளீடு கொண்ட பிளக் ஒயரை மாற்றி ரெசிஸ்டிவ் ஒயர் போட்டாலே பாதி அடங்கும். மீதிக்கு இக்னிஷன் காயிலில் சுவிட்ச் ஒயர் வரும் முனைக்கும் பாடிக்கும் இடையே 1 மைக்ரோஃபாரட் கண்டென்சர். அதைக் கான்டாக்ட் பாயின்ட் பக்கத்து முனையில் கட்டினால் பொறியே பலவீனமாகும், வண்டி ஸ்டார்ட் ஆகத் தடுமாறும். சீழ்க்கை மாதிரி ஏறி இறங்கினால் டைனமோ. அதற்கும் அதே கண்டென்சர், ஆனால் பெரிய முனையான டி-யில். சின்ன முனையான எஃப்-ல் கட்டினால் ரெகுலேட்டர் கான்டாக்ட் தீய்ந்துபோகும். இவ்வளவும் செய்தபிறகும் சீழ்க்கை போகவில்லை என்றால், ப்ளூடூத் ரிசீவருக்கும் ஆம்ப்புக்கும் எர்த் வெவ்வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரே போல்ட்டில் கொண்டுவாருங்கள். கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் (எர்த் வழியாக வரும் இரைச்சலைத் தடுக்கும் சின்னப் பொருள்) கடைசி வழி; மலிவானதை மாட்டினால் சீழ்க்கையோடு பேஸும் போய்விடும்.

பவர் பேக்கின் குறை என்று சொன்னால், தொடர்ந்து ஓடினால் உடம்பு நன்றாகச் சுடும். கார்ப்பெட்டுக்கு அடியில் புதைக்காதீர்கள், ஒரு விரல் காற்றோட்டம் விடுங்கள்.

ஸ்பீக்கருக்குக் கதவைத் தொடவே வேண்டாம். பின் சீட்டுக்குப் பின்னால் உள்ள ஹார்ட்போர்டைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, அதே வடிவில் 12 மி.மீ. பிளைவுட் வெட்டி அதில் 6x9 அங்குல ஸ்பீக்கர் இரண்டு. டிக்கியே பெட்டியாக வேலை செய்யும், பேஸுக்குத் தனி ஏற்பாடு தேவைப்படாது. பின் கண்ணாடி வழியே நேர் வெயில் விழும் இடம் அது. காகிதக் கோனும் ஃபோம் விளிம்பும் அங்கே சீக்கிரம் பொடிந்துவிடும். பாலிப்ராப்பிலீன் கோன், ரப்பர் விளிம்பு கேட்டு வாங்குங்கள். முன்னால் 4 அங்குல ஜோடி ஒன்றைச் சின்னப் பெட்டியில் அடைத்து, கால் வைக்கும் இடத்தின் ஓரத்தில் வைத்தால் போதும். முன்பக்கம் இல்லாமல் பின்னால் மட்டும் வைத்தால் பாடகர் டிக்கிக்குள் உட்கார்ந்து பாடுவதுபோல்தான் கேட்கும்.

ஆன்டெனாவுக்கு ஃபெண்டரில் துளை போடச் சொல்லும் கடையை அன்றோடு விட்டுவிடலாம். துளையின் வெட்டிய விளிம்பில் பெயின்ட் இல்லை. அடியில் சக்கரம் அடிக்கும் சேறு. இரண்டு மழைக்காலத்தில் துரு கிளம்பி மேற்பரப்பில் கொப்புளமாகத் தெரியும். எஃப்எம் வேண்டுமானால் கண்ணாடியில் உள்ளே ஒட்டும் ஆன்டெனா போதும். ஆம்ப் எர்த்துக்குச் சுரண்டும் இடமும் இதே கதைதான். வெறும் தகடு தெரியும்வரை சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கியபின் மேலே வாசலைன் தடவிவிடுங்கள்.

இனி பெயின்ட். பழைய திட நிற பெயின்ட் சிங்கிள் ஸ்டேஜ்: நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கில், மேலே கிளியர் கோட் (நிறமில்லாத மேல் அடுக்கு) கிடையாது. சந்தேகமிருந்தால் கதவின் உள்விளிம்பில் கொஞ்சம் பாலிஷ் போட்டு வெள்ளைத் துணியால் தேயுங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் சிங்கிள் ஸ்டேஜ். பெயின்ட் தடிமன் பார்க்கும் மீட்டர் இருந்தால் வண்டி முழுக்க வைத்துப் பாருங்கள். கம்பெனி பெயின்ட் சுமார் 80 முதல் 130 மைக்ரான், மறுபடி அடித்தது 200-க்கு மேல், 500 தாண்டினால் அடியில் பட்டி. ஒரே வண்டியில் மூன்றும் இருப்பது சகஜம்.

இந்தப் பெயின்ட்டுக்கு மெகுவயர்ஸ் நம்பர் 7 ஷோ கார் கிளேஸை விட நல்ல பொருள் இல்லை என்பது எங்கள் தீர்மானமான கருத்து. இது அரைத்து எடுக்கும் பொருள் இல்லை. எண்ணெய்ப் பசை நிறைந்த கிளேஸ். வெயிலில் காய்ந்து வெளுத்த சிங்கிள் ஸ்டேஜ் பெயின்ட் அந்த எண்ணெயை இழுத்துக்கொள்ளும். நிறம் அடியிலிருந்து ஆழமாக எழும். வண்டியைக் கழுவிக் காயவைத்து, நிழலில் நிறுத்தி, பழைய டர்க்கி டவல் துண்டில் தாராளமாக ஊற்றி, ஒரு நேரத்தில் இரண்டடிக்கு இரண்டடி பரப்பாகத் தேயுங்கள். டவலின் முடிச்சுகள்தான் வெளுத்த மேல்தோலை எடுப்பவை, மைக்ரோஃபைபர் இங்கே உதவாது. தடிமனாகவே விட்டு ஓரிரவு ஊறவையுங்கள். காலையில் துடைத்து, மறுபடி ஒருமுறை. மிகவும் வெளுத்த பானெட்டுக்கும் கூரைக்கும் மூன்றாவது முறையும் தேவைப்படலாம். கருப்பு, கரும்பச்சை, மெரூன் வண்டிகளில் மாற்றம் கண்ணைப் பறிக்கும். வெள்ளையில் அவ்வளவு தெரியாது. கிளியர் கோட் உள்ள மெட்டாலிக்கில் இந்த வைத்தியத்துக்கு வேலையே இல்லை. வெயிலில் செய்தால் கோடு கோடாக ஒட்டிக்கொண்டு துடைக்கவே வராது. முக்கியமாக, இதற்குக் காக்கும் சக்தி கிடையாது. ஒரு கழுவலில் போய்விடும்.

அதனால்தான் மேலே காலினைட் 845. பால்போன்ற திரவ மெழுகு, 473 மி.லி. பாட்டில். நன்றாகக் குலுக்கி, ஈரமான ஸ்பான்ஜில் நாணயம் அளவு எடுத்தால் ஒரு கதவுக்குப் போதும். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாகப் பூச வேண்டும்; தடிமனாகப் பூசினால் இறுகி, துடைக்க முழங்கை வலிக்கும். கரைப்பான் நாற்றம் அதிகம், மூடிய கராஜில் வேண்டாம். ஊட்டிக் குளிரில் பாட்டிலுக்குள் உறைந்தால் வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகும். ஆயுத பூஜைக்கு பானெட்டில் வைக்கும் குங்குமம் வெறும் சிங்கிள் ஸ்டேஜ் வெள்ளையில் இளஞ்சிவப்புக் கறையாகத் தங்கிவிடும். இந்த மெழுகு இருந்தால், அன்று மாலையே கழுவிவிட்டால், தடம் இருக்காது. பறவை எச்சமும் அப்படித்தான். போர்வெல் தண்ணீர் உப்புக் கறைக்கு மட்டும் இது முழுக் கவசமில்லை. தண்ணீர் காயுமுன் துடைப்பதுதான் வழி.

செராமிக் கோட்டிங்கை ஏன் தள்ளி வைக்கிறோம் என்றால், அது ஒட்ட வேண்டுமானால் பெயின்ட்டில் எண்ணெய் துளியும் இருக்கக் கூடாது. ஆல்கஹால் கலவையால் துடைத்து எடுப்பார்கள். பழைய பெயின்ட்டுக்கு உயிர் தருவதே அந்த எண்ணெய்தான். அதோடு, கோட்டிங்குக்கு முன் கம்பளி பேட், அதிவேக ரோட்டரி மெஷின் கொண்டு "கரெக்‌ஷன்" செய்வார்கள். பானெட் மடிப்பிலும் ஃபெண்டர் விளிம்பிலும் பெயின்ட் மெல்லிசு, நொடியில் பிரைமர் தெரியும். பின்னாளில் பட்டிக்கு அடியில் துரு கொப்பளித்தால் அந்த இடத்தில் மட்டும் டச்சப் செய்யக் கோட்டிங்கைத் தேய்த்து எடுக்க வேண்டும். பெயின்ட் மேல் ஒட்டும் பிபிஎஃப் பாதுகாப்பு பிலிம் இன்னும் ஆபத்து: உரிக்கும்போது பலவீனமான மறு பெயின்ட்டைத் தகட்டிலிருந்து பெயர்த்துக்கொண்டு வரும். முழுக்கப் புதிதாக இரண்டு-பகுதி (ஹார்டனர் கலந்து அடிக்கும்) பெயின்ட்டும் கிளியரும் அடித்து, அது இரண்டு மூன்று மாதம் ஆறிய வண்டி என்றால் செராமிக் தாராளமாகப் போடலாம்.

வெளியில் நிற்கும் வண்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை காலினைட், வருடத்துக்கு ஒரு முறை வாக்ஸை எடுத்துவிட்டு நம்பர் 7. கவர் போடுவதானால் காற்றுப் புகும் பருத்தித் துணி. பிளாஸ்டிக் கவர் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். மெழுகு போடும் நாளில் கதவின் அடிவிளிம்பிலுள்ள வடிகால் துளைகளை ஒரு துடைப்பக் குச்சியால் குத்திவிடுங்கள். அங்கே சேறு அடைத்தால் கதவு உள்ளிருந்தே அரிக்கும், வெளியே போடும் எந்த மெழுகும் அதைத் தடுக்காது.