நைட் ஸ்பிளின்ட்: ஆத்தங்குடித் தரையில் 14 மாதம்

குதிகால் வலிக்காக இரவில் காலில் மாட்டிக்கொண்டு தூங்கும் பிளாஸ்டிக் கட்டுதான் நைட் ஸ்பிளின்ட். நேற்று என்னுடையதன் பட்டை ஒன்று பிய்ந்துவிட்டது. இன்று காலை காரைக்குடியில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துச் சரிசெய்துகொண்டு வீடு திரும்பினால், என்னோடு ஓடும் நண்பனிடமிருந்து கேள்வி: "நீ மாட்டுவது பாதி விலைக்கு வந்திருக்கிறது, வாங்கட்டுமா?" அவனுக்கு எழுதத் தொடங்கிய பதில்தான் இது. நீண்டுவிட்டது.

குதிவாதம் என்னும் இந்தக் குதிகால் வலி வந்தவர்களுக்குக் காலையின் முதல் அடியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டிலிலிருந்து இறங்கினால் நெருஞ்சியை மிதித்தாற்போல் இருக்கும். நாலு எட்டு நடந்ததும் தணியும். மாலையில் மறுபடி வரும். அரை மாரத்தான் ஆசையில், குன்றக்குடி சாலையில் ஓடும் தூரத்தை ஒரே மாதத்தில் இரட்டிப்பாக்கினேன். அதன் பலன்.

ஸ்பிளின்ட்டின் வேலை எளிது. தூக்கத்தில் பாதம் தானாகக் கீழ்நோக்கிச் சாய்கிறது. உள்ளங்காலின் தடித்த சவ்வும் கெண்டைக்கால் தசையும் இரவு முழுக்கச் சுருங்கிக் கிடக்கின்றன. விடிந்ததும் உடல் எடை மொத்தமும் ஏறி அந்தச் சவ்வை வெடுக்கென்று இழுக்கிறது. ஸ்பிளின்ட் கணுக்காலை 90 டிகிரியில் நிறுத்திவைத்து அந்தச் சுருக்கத்தைத் தடுக்கிறது. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் காலையில், கட்டிலைப் பிடிக்காமல் எழுந்து முற்றம் வரை நடந்துவிட்டேன். திரும்பி வரும்போதுதான் வலிக்கவில்லை என்பதே உறைத்தது. அந்தக் காலைக்காக இதற்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

ஆனால் அதன் அடிப்பாகம்! எங்கள் வீட்டுத் தரையில் பதித்திருப்பது, காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடியில் கையால் செய்யும் கல். அதைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமென்டும் இட்டு வார்க்கிறார்கள். கண்ணாடியின் வழவழப்பு கல்லின் முகத்தில் அப்படியே இறங்கிவிடும். எங்கள் வீட்டில் அதைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்து, இப்போது அதில் முகம் தெரிகிறது. அந்தத் தரையில் மொழுமொழுவென்ற பிளாஸ்டிக் அடியை வைத்தால் என்ன ஆகும்? கழிப்பறை பின்கட்டில் இருக்கிறது, முற்றத்தைச் சுற்றித் தூண்கள் நிற்கும் வளவைத் தாண்டிப் போக வேண்டும். நள்ளிரவில் நான்கு பட்டைகளையும் அவிழ்த்துவிட்டுப் போனால் தூக்கம் போய்விடும்; அவிழ்க்காமல் போனால் வழுக்கும். சித்திரை மாதத்தில் ஓர் இரவு, வளவுத் தூணைப் பிடித்திராவிட்டால் இடுப்பு முறிந்திருக்கும். தோள்பட்டை இரண்டு வாரம் கன்றிக் கிடந்தது.

மாட்டிக்கொண்டு நடக்கக் கூடாது என்று கையேட்டில் அச்சிட்டிருக்கிறார்கள், உண்மைதான். ஆனாலும் இரவில் மாட்டும் ஒரு பொருளைச் செய்கிறவர், இரவில் மனிதன் எழுந்திருப்பான் என்பதை யோசிக்க வேண்டாமா?

இன்று செருப்புத் தைக்கும் அந்தப் பெரியவர் பிய்ந்த பட்டையைப் பார்க்கும் முன்பே பொருளைத் திருப்பிப் பார்த்தார். "இந்த அடியோடு நடந்தால் விழுந்துவிடுவீர்களே, தம்பி" என்றார். நான் கேட்காமலே பழைய டயர் ரப்பரை அளவாக வெட்டி ஒட்டி, ஓரம் தைத்துக் கொடுத்தார். இரண்டுக்கும் சேர்த்து 80 ரூபாய். வீட்டுக்கு வந்து வளவில் நடந்து பார்த்தேன், கல்லைக் கவ்விப் பிடிக்கிறது. 14 மாதம் நான் பட்ட பயத்தைக் கால் மணி நேரத்தில் தீர்த்துவிட்டார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஸ்பிளின்ட் காலை நேரத்து வலியைக் குறைத்தது. என்னைத் திரும்ப ஓட வைத்தது துண்டு. குளிக்கும் துண்டைச் சுருட்டி முற்றத்துப் படியில் வைத்து, கால்விரல்களை அதன் மேல் ஏற்றி, ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்த வேண்டும். ஏற 3 விநாடி, மேலே 2 விநாடி, இறங்க 3 விநாடி. ஒரு நாள் விட்டு ஒரு நாள், மாதக்கணக்கில். அப்பத்தா சொன்ன சுட்ட செங்கல், எருக்கிலை ஒத்தடம் அந்த நேரத்துக்கு இதமாக இருந்தது, மறுநாள் வலி அப்படியேதான் இருந்தது. ஆனால் வீட்டுக்குள் செருப்பு என்றதும் முகம் சுளித்த அதே அப்பத்தாதான், தெருவையே மிதிக்காத புதுச் செருப்பு ஒரு ஜோடி வாங்கிவரச் சொல்லி, பட்டாலை என்னும் கூடத்தின் ஓரத்தில் அதற்கு இடமும் ஒதுக்கினார். கல் தரையில் வெறுங்காலோடு நடப்பது நின்றதும் மாலை வலி பாதியாகக் குறைந்தது.

ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு வளர்ந்திருக்கிறது, உடனே ஊசி போட வேண்டும் என்று பயமுறுத்தினார்கள். வலியே இல்லாதவர்கள் பலருக்கும் அந்த எலும்பு இருக்கிறது. ஸ்டீராய்டு ஊசி தரும் நிம்மதி சில வாரங்களுக்குத்தான். சவ்வு கிழியும் அபாயமும், குதிகாலின் கொழுப்பு மெத்தை தேயும் அபாயமும் உண்டு. நான் போட்டுக்கொள்ளவில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டுக்குள் ஊசியில்லாமலே சரியாகிவிடுகிறது.

ஆகவே நண்பா, வாங்காதே. உனக்கு வலி வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. ஓட்டத்தைக் குறை, துண்டைச் சுருட்டு, வீட்டில் செருப்புப் போடு. என்னுடையதைக் கேட்டுவிடாதே, தர மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார்பட்டி வரை ஓடப்போகிறேன், அன்று இரவு அது எனக்கு வேண்டும்.