சமூகப்பணி ஆய்விதழ்களுக்கு எந்த அளவுகோல் பொருந்தும்? தாக்கக் காரணியும் அதன் போட்டியாளர்களும்

குழந்தைப் பாதுகாப்பு குறித்த ஆய்வொன்றை முடித்திருக்கும் சமூகப்பணி ஆய்வாளர் ஒருவர், தம் கட்டுரையை 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சோஷியல் வொர்க்' இதழுக்கு அனுப்புவதா, 'சில்ட்ரன் அண்ட் யூத் சர்வீசஸ் ரிவ்யூ' இதழுக்கு அனுப்புவதா என்று யோசிக்கிறார் என வைத்துக்கொள்வோம். முதலாவது, 1971இல் தொடங்கப்பட்ட, பிரிட்டிஷ் சமூகப்பணியாளர் சங்கத்தின் இதழ். அதைப் படிப்பவர்களும் அதில் எழுதுபவர்களும் பெரும்பாலும் சமூகப்பணித் துறையினர். இரண்டாவது, 1979 முதல் வெளிவரும் எல்செவியர் நிறுவனத்தின் பலதுறை இதழ். உளவியலாளர், பொதுநல மருத்துவத் துறையினர், கல்வியாளர் எனப் பலரும் அதில் எழுதுகிறார்கள். இவ்விரண்டில் எது 'உயர்ந்தது' என்ற கேள்விக்கு, எந்த அளவுகோலைக் கையில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. பணி நியமனமும் பதவி உயர்வும் ஆய்வு நிதியும் அந்த விடையைச் சார்ந்திருப்பதால், அளவுகோல்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பது அவசியமாகிறது. சமூகப்பணியைப் பொறுத்தவரை, வாய்பாடு எது என்பதைவிட, ஓர் இதழை எந்த இதழ்களின் கூட்டத்துக்குள் நிறுத்தி அளக்கிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்று நான் கருதுகிறேன்.

தாக்கக் காரணி

ஒரு கட்டுரை தான் பயன்படுத்திய முந்தைய ஆய்வுகளைச் சுட்டும் மேற்கோள்களை வரிசைப்படுத்தி ஓர் அட்டவணையாக்கலாம் என்ற யோசனையை யூஜீன் கார்ஃபீல்டு 1955இல் 'சயின்ஸ்' இதழில் முன்வைத்தார். அவர் தொடங்கிய நிறுவனம் அறிவியல் இதழ்களுக்கான அட்டவணையை முதலில் கொண்டுவந்து, 1973இல் சமூக அறிவியலுக்கான மேற்கோள் அட்டவணையையும், 1975 முதல் இதழ் மேற்கோள் அறிக்கையையும் வெளியிட்டது. அந்த அட்டவணைகள் இன்று கிளாரிவேட் நிறுவனத்தின் வசம் உள்ளன. தாக்கக் காரணியின் கணக்கு எளியது: முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஓர் இதழ் வெளியிட்டவற்றுக்கு இவ்வாண்டு கிடைத்த மேற்கோள்களை, அந்த இரண்டு ஆண்டுகளில் வெளியான ஆய்வுக் கட்டுரைகள், முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் மீளாய்வுக் கட்டுரைகள் ஆகியவற்றின் எண்ணிக்கையால் வகுப்பது. தலையங்கத்துக்கும் கடிதத்துக்கும் கிடைக்கும் மேற்கோள்கள் மேலே, வகுபடும் எண்ணில் சேர்ந்துவிடும். ஆனால் அந்தத் தலையங்கமும் கடிதமும் கீழே, வகுக்கும் எண்ணில் எண்ணப்படுவதில்லை என்ற குறை நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டப்பட்டு வருகிறது.

சமூகப்பணிக்கு இதைவிடப் பெரிய இடர் அந்த இரண்டு ஆண்டு வரம்பில் இருக்கிறது. ஆய்வகத்தில் சில மாதங்களில் ஒரு சோதனையைத் திரும்பச் செய்து வெளியிடக்கூடிய உயிரியல் துறைக்கு அந்த வரம்பு பொருந்தலாம். குடும்பங்களோடும் காப்பகங்களோடும் பல ஆண்டுகள் பழகி, ஒப்புதல் பெற்று, தரவு திரட்டி எழுதப்படும் ஒரு துறையில், இன்று வெளியான கட்டுரையைப் படித்து அதன் மேல் புதிய ஆய்வைக் கட்டி அதையும் அச்சுக்குக் கொண்டுவர இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் போதாது. அதற்குள் வரும் மேற்கோள்கள், ஏற்கெனவே எழுதி முடித்த கட்டுரைகளில் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டவையாகவே பெரிதும் இருக்கும். 2007ஆம் ஆண்டு அறிக்கை முதல் ஐந்தாண்டுத் தாக்கக் காரணியும் தரப்படுகிறது. சமூகப்பணிக்கு அதுவே பொருத்தமானது. ஆயினும் இதழ்களின் முகப்புப் பக்கங்களிலும் தேர்வுக் குழுக்களின் படிவங்களிலும் இரண்டாண்டு எண்ணே முன்னால் நிற்கிறது.

எண்ணிக்கை சிறியதாக இருப்பதும் ஒரு சிக்கல். கற்பனையாக ஒரு கணக்கைப் பார்ப்போம். ஆண்டுக்கு 40 கட்டுரை வெளியிடும் ஓர் இதழ் இரண்டு ஆண்டுகளில் 80 கட்டுரைகளை வெளியிட்டு, அவற்றுக்கு 120 மேற்கோள்கள் பெற்றால் அதன் தாக்கக் காரணி 1.5. அந்த 120இல் 40 மேற்கோள்கள் ஒரே ஒரு மீளாய்வுக் கட்டுரைக்கு வந்தவை என்றால், அக்கட்டுரை இல்லாதபோது அந்த எண் ஏறத்தாழ 1.0 ஆகச் சரிந்துவிடும். மற்ற 79 கட்டுரைகளின் தரத்தில் எந்த மாற்றமும் இல்லாதபோதே இதழின் மதிப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகிறது. இத்தகைய ஊசலாட்டம் உள்ள எண்ணை வைத்து, அந்த இதழில் எழுதிய தனி ஆய்வாளர் ஒருவரின் தகுதியை முடிவு செய்வது நியாயமாகாது. 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கூட்டத்திலிருந்து உருவாகி மறு ஆண்டு வெளியான ஆய்வு மதிப்பீட்டுப் பிரகடனமும் இதைத்தான் வலியுறுத்தியது: இதழின் எண்ணைக் கட்டுரையின் தரத்துக்கோ ஆய்வாளரின் தரத்துக்கோ பதிலியாகக் கொள்ளக் கூடாது.

எந்தக் கூட்டத்துக்குள் அளக்கிறோம்?

கிளாரிவேட்டின் அட்டவணைகளைக் கொண்ட வெப் ஆஃப் சயின்ஸ் தரவுத்தளத்தில் 'சமூகப்பணி' என்று ஒரு வகைப்பாடு இருக்கிறது. அந்தப் பட்டியலின் உச்சியில் ஆண்டுதோறும் காணப்படும் பெயர்களில் 'ட்ராமா, வயலன்ஸ் அண்ட் அப்யூஸ்', 'சைல்ட் மால்ட்ரீட்மென்ட்', 'சைல்ட் அப்யூஸ் அண்ட் நெக்லெக்ட்' போன்றவை முக்கியமானவை. இவை மதிப்புக்குரிய இதழ்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இவை சமூகப்பணியோடு குடும்பவியல், குற்றவியல், உளவியல் என வேறு வகைப்பாடுகளிலும் இடம்பெறுபவை. இவற்றில் எழுதுவோரிலும் இவற்றை மேற்கோள் காட்டுவோரிலும் பெரும்பகுதியினர் உளவியல், மருத்துவத் துறைகளைச் சேர்ந்தவர்கள். முதலாவது இதழ் மீளாய்வுக் கட்டுரைகளையே முதன்மையாக வெளியிடுவது. மீளாய்வுகள் எந்தத் துறையிலும் அதிக மேற்கோள் பெறும் இயல்புடையவை.

இதன் விளைவு வெளிப்படையானது. துறையின் தனித்த கேள்விகளை, அதாவது களப்பணியாளரின் மேற்பார்வை, சமூகப்பணிக் கல்வி, நிறுவனங்களுக்குள் நடைபெறும் அறம்சார்ந்த இழுபறிகள், உரிமைக்கான சமூக இயக்கங்கள் ஆகியவற்றை எழுதும் இதழ்கள் பட்டியலின் நடுவிலும் அடியிலும் தங்கிவிடுகின்றன. பட்டியலை நான்காகப் பிரித்தால் மேல் கால்பகுதியில் வரும் இதழ்களில் வெளியிட வேண்டும் என்று ஒரு துறைத் தலைமை விதி வகுத்தால், அந்த விதி அறிந்தோ அறியாமலோ ஆய்வாளரைச் சிறார் மீதான வன்முறை, உளக்காயம் போன்ற தலைப்புகளை நோக்கியும், எண்வழி அளவிடும் முறைகளை நோக்கியும் தள்ளிவிடுகிறது. எது ஆராயப்படும் என்பதையே அளவுகோல் மாற்றிவிடும் இந்த நிலையை, வாய்பாட்டில் உள்ள எந்தக் குறையையும்விடக் கடுமையானதாக நான் மதிக்கிறேன். ஆகவே எந்த எண்ணைப் பயன்படுத்துபவரும், அதே வகைப்பாட்டுக்குள் துறைசார் இதழ்களைத் தனியே பிரித்து ஒப்பிட வேண்டும்.

சைட்ஸ்கோரும் ஸ்கோபஸ் சார்ந்த பிற எண்களும்

எல்செவியர் 2004இல் தொடங்கிய ஸ்கோபஸ் தரவுத்தளம், வெப் ஆஃப் சயின்ஸின் மையத் தொகுப்பைவிடக் கூடுதல் இதழ்களை உள்ளடக்கியது. அதன் தரவைக் கொண்டு இதழ்களை அளக்கும் சைட்ஸ்கோர் என்ற எண் 2016 டிசம்பரில் அறிமுகமானது; முதலில் மூன்றாண்டு வரம்பைக் கொண்டிருந்த அது, 2020இல் நான்காண்டுக் கணக்காக மாறியது. மேற்கோள்களும் கட்டுரைகளும் ஒரே நான்காண்டுக் காலத்திலிருந்து எடுக்கப்படுகின்றன. மேலேயும் கீழேயும் ஒரே வகை ஆவணங்களே எண்ணப்படுகின்றன. தாக்கக் காரணியின் இரண்டு குறைகளுக்கு இது நேரடி மறுமொழி. சந்தா இன்றி எவரும் பார்க்கலாம் என்பதும் சிறிய பல்கலைக்கழகங்களுக்குப் பேருதவி. இதழ்களை வெளியிடும் நிறுவனமே அவற்றை மதிப்பிடும் எண்ணையும் வெளியிடுகிறது என்ற நெருடல் மட்டும் நீங்கவில்லை. இக்கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட இரண்டாவது இதழும் அந்நிறுவனத்தினுடையதே.

ஸ்கோபஸ் தரவையே கொண்டு இயங்கும் ஸ்னிப் என்ற எண், நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் ஹெங்க் மூட் வகுத்தது. ஒரு துறையில் பொதுவாக எவ்வளவு மேற்கோள் காட்டும் வழக்கம் இருக்கிறது என்பதைக் கணக்கில் கொண்டு அது எண்ணைச் சீராக்குகிறது. குறைவாக மேற்கோள் காட்டும் துறையில் கிடைக்கும் ஒரு மேற்கோளுக்கு அதில் மதிப்பு கூடும். மேலே சொன்ன கலப்புப் பட்டியலின் கேட்டை ஓரளவேனும் தணிக்கும் கருவி இதுதான். சமூகப்பணிக் குழுக்கள் இதை அரிதாகவே எடுத்துப் பார்ப்பது வருந்தத்தக்கது. ஸ்பெயினிலிருந்து வரும் எஸ்ஜேஆர் என்ற எண் இதற்கு நேர்மாறான திசையில் செல்கிறது: செல்வாக்கு மிக்க இதழிலிருந்து வரும் மேற்கோளுக்கு அது கூடுதல் எடை தருகிறது. ஏற்கெனவே உயர்ந்தோரை மேலும் உயர்த்தும் அந்த ஏற்பாடு, உள்வட்டத்துக்குள் ஒருவரையொருவர் படிக்கும் சிறிய துறை இதழ்களுக்கு உதவாது.

ஹெச்-குறியீடும் கூகுள் ஸ்காலரும்

இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த ஹெச்-குறியீடு, தனிநபருக்காக உருவாக்கப்பட்டுப் பின்னர் இதழ்களுக்கும் விரிந்தது. ஹெச் எண் 20 என்றால், குறைந்தது 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 மேற்கோள் பெற்றிருக்கின்றன என்று பொருள். ஒற்றைக் கட்டுரையின் திடீர் வெற்றி இதை அசைக்காது. கூகுளின் ஆய்வு நூல்தேடல் தளமான கூகுள் ஸ்காலர் 2012 முதல் ஐந்தாண்டு ஹெச்-குறியீட்டை இலவசமாகத் தருகிறது. நூல்கள், ஆய்வேடுகள், அரசு அறிக்கைகள் ஆகியவற்றில் வரும் மேற்கோள்களையும் அது சேர்த்துக்கொள்வதால், நூல்வழியே நிறையப் பேசும் சமூகப்பணித் துறைக்கு அது ஒரு நன்மை. அமெரிக்கச் சமூகப்பணி ஆய்வாளர்களான டேவிட் ஹாட்ஜும் ஜெஃப்ரி லகாஸும் 2011இல், துறை இதழ்களை மதிப்பிட இதுவே தாக்கக் காரணியைவிடத் தகுந்தது என்ற வாதத்தை முன்வைத்தார்கள்.

அந்த வாதத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன்; ஒரு வரம்போடு. ஓர் இதழின் ஹெச் எண் அதன் கட்டுரைகளின் எண்ணிக்கையைத் தாண்ட முடியாது. மிகுதியாக வெளியிடும் இதழுக்கு அது இயல்பாகவே சாதகமாகிறது. 1927 முதல் சிகாகோவிலிருந்து காலாண்டுக்கு ஒரு முறை சில நீண்ட கட்டுரைகளை மட்டும் தாங்கிவரும் 'சோஷியல் சர்வீஸ் ரிவ்யூ' போன்ற இதழை, ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் வெளியிடும் இதழோடு இந்த எண்ணால் ஒப்பிடுவது பிழை. மேலும், ஐந்தாண்டுகளில் 100 கட்டுரைகளுக்குக் குறைவாக வெளியிடும் இதழ்களைக் கூகுள் ஸ்காலர் தன் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. தரவுத் தூய்மையிலும் அது மற்ற இரண்டு தளங்களுக்குப் பின்னால்தான் நிற்கிறது.

மேற்கோள் சொல்லாதவை

1973இல் 'சோஷியல் வொர்க்' இதழில் ஜோயல் ஃபிஷர், தனிநபர் சமூகப்பணி உண்மையில் பயன் தருகிறதா என்று கேட்டு, ஒப்பீட்டுக்கான கட்டுப்பாட்டுக் குழுவோடு நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பயனை நிறுவும் சான்று இல்லை என்ற முடிவுக்கு வந்தார். துறையை உலுக்கிய கட்டுரை அது. அதை மறுத்தவர்களும் ஏற்றவர்களும் மேற்கோள் காட்டினார்கள். எண்ணும் கருவிக்கு இரண்டும் ஒன்றே. அந்த விவாதத்தின் தொடர்ச்சியாகவே ஆய்வுச் சான்றின் அடிப்படையில் பணியாற்றும் சான்றுசார் நடைமுறை என்ற போக்கு வலுப்பெற்றது: 1991இல் 'ரிசர்ச் ஆன் சோஷியல் வொர்க் பிராக்டிஸ்' தொடங்கியது, 2000இல் சமூகநலம், கல்வி, குற்றவியல் ஆகியவற்றில் முறைசார் மீளாய்வுகளைத் தயாரிக்கும் கேம்பெல் கூட்டமைப்பு பிறந்தது. பல ஆசிரியர்கள் சேர்ந்து எழுதுவதும் துறையில் பெருகியிருக்கிறது. இந்தப் போக்குகள் அனைத்தும் மேற்கோள் எண்ணை உயர்த்தும் தன்மை கொண்டவை என்பதால், எண் உயர்வதை அறிவு வளர்ந்ததன் அடையாளமாக மட்டும் படிக்க முடியாது.

ஆண்டுகளுக்கிடையே ஒப்பிடுவதிலும் எச்சரிக்கை தேவை. கிளாரிவேட் 2023இல் தன் வளரும் இதழ்களின் அட்டவணைக்கும் தாக்கக் காரணி வழங்கியது. 2024இல், வெவ்வேறு அட்டவணைகளுக்குத் தனித்தனியே இருந்த ஒரே வகைப்பாட்டின் தரவரிசைகளை ஒன்றாக்கியது. பட்டியல் நீண்டதால் ஓர் இதழின் கால்பகுதி இடம் மாறலாம். அதன் ஆசிரியர் குழு எதையும் மாற்றியிருக்க வேண்டியதில்லை.

மேற்கோளுக்கு அப்பால் இருக்கும் போட்டியாளர்களில், சமூக ஊடகக் கவனத்தை எண்ணும் மாற்று அளவீடுகளை நான் பெரிதாக மதிக்கவில்லை. அவை பரபரப்பைக் காட்டுகின்றன. அரசுகளின் கொள்கை ஆவணங்களில் ஓர் ஆய்வு எங்கே எடுத்தாளப்பட்டது என்று தேடும் முறை அப்படியன்று. சமூகப்பணி ஆய்வின் வாசகர்களில் பெரும்பங்கினர் களப்பணியாளர்களும் நலத்துறை அதிகாரிகளும். அவர்கள் படிப்பார்கள், பயன்படுத்துவார்கள், ஆனால் ஆய்விதழில் எழுத மாட்டார்கள். அவர்களுடைய பயன்பாடு எந்த மேற்கோள் அட்டவணையிலும் ஏறுவதில்லை. பல்கலைக்கழகங்களின் ஆய்வுத் தரத்தை அளக்கும் பிரிட்டனின் ஆய்வுச் சிறப்பு மதிப்பீடு இதற்கு வேறொரு வழியைக் கண்டது: சமூகப்பணியும் சமூகக் கொள்கையும் சேர்ந்த மதிப்பீட்டுப் பிரிவில், மற்ற பிரிவுகளைப் போலவே, இதழின் தாக்கக் காரணி விலக்கப்பட்டது, கட்டுரைகளை வல்லுநர்கள் படித்து மதிப்பிட்டார்கள், கல்விக்கு வெளியே ஏற்பட்ட தாக்கத்தை விவரிக்கும் நேர்வுகளுக்கு 2014இல் 20 சதவீதமும் 2021இல் 25 சதவீதமும் எடை தரப்பட்டது. அது செலவும் உழைப்பும் மிகுந்த முறை. சிறிய தேர்வுக் குழுவால் முழுமையாகப் பின்பற்ற இயலாது. ஆனால் ஒரு விண்ணப்பதாரரின் இரண்டு மூன்று கட்டுரைகளையாவது முழுமையாகப் படிப்பதும், அவை எங்கே பயன்பட்டன என்று அவரிடமே எழுதிக் கேட்பதும் எந்தக் குழுவுக்கும் முடியாத காரியமல்ல.

இவை எல்லாவற்றிலும் ஆங்கிலமே முன்னிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2014இல் மெல்பர்னில் ஏற்கப்பட்ட சமூகப்பணியின் உலகளாவிய வரையறை, சமூக அறிவியலோடும் மனிதப் பண்பியல் துறைகளோடும் பூர்வகுடிகளின் அறிவையும் இத்தொழிலின் அடித்தளமாகக் கூறுகிறது. அந்த அறிவு பெரும்பாலும் ஆங்கிலம் அல்லாத மொழிகளில், அந்தந்த நாட்டு இதழ்களில் வெளியாகிறது. வெப் ஆஃப் சயின்ஸில் அதற்கு இடம் மிகக் குறைவு, ஸ்கோபஸில் சற்றே கூடுதல், கூகுள் ஸ்காலரில்தான் ஓரளவு தென்படுகிறது. பிரேசிலில் 1990களின் பிற்பகுதியில் தொடங்கி ஸ்பானிய, போர்ச்சுகீசிய இதழ்களைத் திறந்த அணுகலில் தரும் சைலோ போன்ற தளங்கள் இந்த இடைவெளியை நிரப்ப முயல்கின்றன. உள்நாட்டு மொழியில் எழுதும் சமூகப்பணி ஆய்வாளர் ஒருவரை மதிப்பிடும் குழு, தாக்கக் காரணி என்ற கட்டத்தைப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டு, அக்கட்டுரை யாருக்காக எழுதப்பட்டது, அவர்களைச் சென்றடைந்ததா என்று கேட்கும் ஒரு கட்டத்தை அங்கே வைக்கலாம்.