எச்சரிக்கை: சூட்டைக் குறைக்காமல் சூட்டை மறைத்துக் கொடுக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ்

பழைய டெஸ்க்டாப் சூடாகிறது, ஃபேன் இரைகிறது என்று சர்வீஸுக்குக் கொடுக்கப் போகும் கடலூர், பாண்டிச்சேரி நண்பர்கள் பணத்தை எடுத்துக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடை கடலூரில் இருக்கிறது. பெயரைப் போடவில்லை, செய்த வேலையை மட்டும் சொல்கிறோம்.

கடைக்குப் போன மெஷினில் இருப்பது இன்டெல் ஐ5-3470 புராசசர், எச்61 மதர்போர்டு. 2012-ல் வந்த தலைமுறை, இன்றைக்கும் ஆபீஸ் வேலைக்குத் தாராளமாகப் போதும். மே மாத வெயிலில் ஃபேன் ஓயாமல் இரைந்தது, சில நேரம் வீடியோ ஓடும்போதே மெஷின் அணைந்தது. கடையில் சொன்னது: "புராசசர் வீக் ஆயிடுச்சு சார், கூலரும் போச்சு. மாத்தி, பேஸ்ட் போட்டு, ஃபுல் சர்வீஸ் 2,850 ரூபாய்." (கூலர் என்பது புராசசரின் மேல் உட்காரும் ஹீட்சிங்க் என்ற உலோகத் தகடுகளும் ஃபேனும். பேஸ்ட் என்பது புராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் வெப்பத்தைக் கடத்தப் பூசும் பசை.) திருப்பிக் கொடுக்கும்போது திரையில் 41 டிகிரி காட்டினார்கள். ஏசி அறை, கேபினெட்டின் பக்கக் கதவு திறந்த நிலை, எந்த புரோகிராமும் ஓடவில்லை. வீட்டில் இந்த மூன்றுமே இருக்காது.

வீட்டில் மாட்டியதும் சத்தம் முன்பைவிடக் கூடியிருந்தது, மெஷினோ ஆமை வேகம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்தால் வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸில் நின்றது. இந்த புராசசரின் அடிப்படை வேகம் 3.2, டர்போவில், அதாவது வேலை கூடும்போது தானாக ஏறும் வேகத்தில், 3.6 வரை போகும். எவ்வளவு வேலை கொடுத்தாலும் 1.6-ஐத் தாண்டவில்லை. காரணம் விண்டோஸ் பவர் ஆப்ஷனில் இருந்தது. அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் 'புராசசர் பவர் மேனேஜ்மென்ட்' என்பதற்குள் 'மேக்சிமம் புராசசர் ஸ்டேட்' என்று ஒன்று உண்டு. 100 இருக்க வேண்டிய இடத்தில் 50 போட்டிருந்தார்கள். புராசசரைப் பாதி வேகத்தில் ஓடவிட்டால் மின்சாரம் குறையும், சூடும் குறையும், 41 டிகிரி காட்டலாம். அங்கே 99 என்று போட்டாலே டர்போ நின்றுவிடும். சர்வீஸிலிருந்து வந்த எந்த மெஷினிலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

100-க்கு மாற்றி சினிபெஞ்ச் (புராசசருக்கு முழு வேலை கொடுக்கும் சோதனை புரோகிராம்) ஓட்டியதும் நான்கே நிமிடத்தில் 97 டிகிரி. இந்த வகை புராசசர்கள் 100 டிகிரியை ஒட்டி, மாடலைப் பொறுத்து 105 வரை, தங்களைத் தாங்களே மெதுவாக்கிக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் அணைந்துவிடும். ஆக, காசு வாங்கிக்கொண்டு முதலில் இருந்த கோளாறை அப்படியே விட்டுவிட்டு அதன்மேல் ஒரு மூடி போட்டிருக்கிறார்கள்.

கேபினெட்டைத் திறந்தபோது இன்னும் மோசம். கம்பெனியோடு வந்த கூலரின் அடியில் செம்பு வட்டம் இருந்தது, ஃபேன் நான்கு பின். இப்போது உட்கார்ந்திருப்பது முழு அலுமினியம், மூன்று பின் ஃபேன். நான்காவது பின்தான் போர்டு ஃபேனுக்கு "மெதுவாகச் சுற்று, வேகமாகச் சுற்று" என்று சொல்லும் வழி. அந்தக் கம்பி இல்லாத ஃபேனைச் சில பழைய போர்டுகளால் அடக்க முடியாது, அது எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடும். சில போர்டுகளின் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் போர்டின் செட்டிங்ஸ்) ஃபேன் கன்ட்ரோலை 'வோல்டேஜ்' என்று மாற்றினால் மூன்று பின்னும் அடங்கும். இந்த போர்டில் அந்த வசதி இருந்தும் யாரும் தொடவில்லை. சத்தம் கூடியதற்கு வேறு காரணமே வேண்டாம்.

அந்த கூலர் எல்லா சாக்கெட்டுக்கும் (போர்டில் புராசசர் உட்காரும் இடம்) பொருந்தும் என்று விற்கப்படும் வகை, கால்களை நகர்த்தி மாட்ட வேண்டும். 775 சாக்கெட்டில் துளைக்குத் துளை 72 மில்லிமீட்டர், இந்த மெஷினின் 1155-ல் 75. கால்களை 72-லேயே விட்டு அழுத்தியிருந்தார்கள். மூன்று கால் இறங்கி, நான்காவது பாதியில் நின்றது. மூன்று மில்லிமீட்டர்தானே என்று விடக் கூடாது. ஒரு கால் பூட்டாவிட்டால் ஹீட்சிங்க் சாய்ந்து ஒரு பக்கம் காற்று இடைவெளி விழும், போர்டும் வளையும். கழற்றினால் அடியில் காய்ந்த பழைய பேஸ்ட், அதைத் துடைக்காமல் மேலேயே புதிய வெள்ளை பேஸ்ட்.

'புராசசர் வீக்' என்ற பேச்சை நம்பாதீர்கள். புராசசர் அவ்வளவு சீக்கிரம் போகிற சாமான் அல்ல. பத்து வருஷ மெஷின் சூடானால் பெரும்பாலும் தூசி, காய்ந்த பேஸ்ட், தளர்ந்த கூலர் கால், தேய்ந்த ஃபேன் பேரிங், இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். நம் பக்கம் கடற்காற்றின் ஈரமும் உப்பும் சேர்ந்து தூசி தகடுகளுக்கு நடுவே கெட்டியாகப் படிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஃபேனைக் கழற்றினால் அதற்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துணி போல ஒரு படலம் இருக்கும். அதை எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

சரியாகச் செய்யும் விதம் இது. கடையில் எதிரே நின்று பார்ப்பவர்களுக்கும் இதுவே அளவுகோல். கழற்றும் முன் ஐந்து நிமிடம் ஓடவிட்டால் பேஸ்ட் இளகும். பிறகு அணைத்து, பவர் கேபிளை உருவிவிட வேண்டும். இன்டெல் கூலரின் ஒவ்வொரு காலின் தலையிலும் அம்புக்குறி இருக்கும். அந்தத் திசையில் கால் சுற்று திருப்பி மேலே இழுத்தால் பூட்டு விடும். ஹீட்சிங்கை நேராகப் பிடுங்காமல் லேசாக இடம் வலம் அசைத்து எடுக்க வேண்டும். ஏஎம்3, ஏஎம்4 சாக்கெட் ஏஎம்டி கம்பெனி புராசசர் வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருங்கள், பேஸ்ட் ஒட்டியிருந்தால் புராசசரே சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து பின் வளையும். தூசி போக புளோயரால் காற்று அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சும்மா சுற்றவிட்டால் பேரிங் கெடும். வீட்டு வேக்கம் கிளீனர் வேண்டாம், அதில் ஸ்டேட்டிக் உருவாகும்.

பழைய பேஸ்ட்டை இரண்டு பக்கமும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் உலோகம் பளிச்சென்று தெரியும் வரை துடைக்க வேண்டும். புதிய பேஸ்ட் நடுவில் சின்னப் பட்டாணி அளவு போதும், கூலர் அழுத்தமே அதைப் பரப்பும். அதிகம் போட்டால் வெப்பம் கூடுதலாகக் கடந்துவிடாது, ஓரத்தில் வழிவதுதான் மிச்சம். மாட்டும் முன் நான்கு தலைகளையும் பழைய நிலைக்குத் திருப்பி, மூலைக்கு மூலை குறுக்காக அழுத்துங்கள். ஒவ்வொன்றும் 'டக்' என்று விழும். போர்டின் பின்பக்கம் பார்த்தால் வெள்ளைக் கால் விரிந்து, நடுவில் கறுப்பு முள் தெரிய வேண்டும். நான்கிலும் தெரியாவிட்டால் மெஷினை ஆன் செய்யாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) ஃபேன் கத்தினால் மட்டும் வீட்டில் திறக்க வேண்டாம். கேபிளை உருவிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம்.

எவ்வளவு டிகிரி இருந்தால் சரி? தனி எண்ணாகப் பார்ப்பதில்தான் ஏமாற்றுக்கு இடம். அறை வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் புராசசரும் கிட்டத்தட்ட ஒரு டிகிரி ஏறும். ஏசி அறையில் 24 டிகிரியில் காட்டிய 41-ம், மே மாத வீட்டில் 34 டிகிரியில் வரும் 51-ம் ஒரே நிலைதான். அதனால் அறை வெப்பத்தைக் கழித்துப் பாருங்கள். இதே மெஷினில் நான்கு பின் கூலர் மாட்டி, துடைத்து, பேஸ்ட் போட்ட பிறகு, 33 டிகிரி அறையில், கதவு மூடிய நிலையில், சும்மா இருக்கும்போது 43, பத்து நிமிட முழு வேலைக்குப் பிறகு 72. வேகமும் டர்போவில் நின்றது. ஃபேன் அடங்கிவிட்டது. புராசசர் அதே பழைய புராசசர்தான்.

கடையில் கேட்க வேண்டியதும் அதேதான்: கதவை மூடி, பத்து நிமிடம் சினிபெஞ்ச் ஓட்டி, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற புரோகிராமில் வெப்பம், வேகம், ஃபேன் சுற்று மூன்றையும் ஒன்றாகக் காட்டச் சொல்லுங்கள். வெப்பம் மட்டும் காட்டுவது போதாது. பயாஸில் 'சிபியு ஃபேன் ஸ்பீடு' எச்சரிக்கையை 'இக்னோர்' ஆக்கி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள், அப்படி இருந்தால் ஃபேன் நின்றாலும் மெஷின் சொல்லாது.

கொடுக்கும் முன் கதவைத் திறந்து கூலர், ரேம், எஸ்எம்பிஎஸ் லேபிள், ஹார்ட் டிஸ்க் சீரியல் எண் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். ஜாப் ஷீட்டில் (மெஷினை வாங்கும்போது கடை எழுதித் தரும் சீட்டு) "கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்" என்று எழுதி வாங்குங்கள். இந்த ஒரு வரி இருந்தால் செம்பு கூலர் அலுமினியமாக மாறுவது கடினம். ஜிஎஸ்டி போட்டுப் பணம் வாங்கினால் எண்ணைப் பாருங்கள், தமிழ்நாட்டுப் பதிவு 33-ல் தொடங்கும், புதுச்சேரிப் பதிவு 34-ல். பதிவு இல்லாத கடை ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது. துண்டுச் சீட்டில் மொத்தத் தொகை மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள், பாகம் தனி, கூலி தனி என்று பில் கேளுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதியலாம். அதில் முடியாவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, 2 ஆண்டுக்குள் போக வேண்டும். போட்டோ, ஜாப் ஷீட், பில், வெப்பம் காட்டும் ஸ்கிரீன்ஷாட் நான்கும் கையில் இருந்தால் பேச்சுக்கு இடமில்லை.

இந்தக் கடையிடம் கேட்டது மூன்று: பழைய கூலர், 2,850 ரூபாய்க்குப் பாகவாரியாக பில், 50 சதவீத செட்டிங்கை ஏன் போட்டார்கள் என்பதற்கு எழுத்தில் பதில். கூலர் "ஸ்கிராப்ல போயிடுச்சு" என்றார்கள். மற்ற இரண்டுக்கும் இதுவரை பதில் இல்லை.