பெய்ஜிங்கா, தைபேயா, ஹார்பினா: சீனம் படிக்க எங்கே போவது?

சீன மொழி படிக்க வெளிநாடு போகிறேன் என்று யாராவது சொன்னால் எந்தப் பல்கலைக்கழகம், ரேங்க் என்ன என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். வகுப்பு ஒரு நாளைக்கு நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதி நேரம் காதில் எந்த மொழி விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் பெய்ஜிங்கில் ஒரு செமஸ்டரும் அப்புறம் தைவான் தலைநகர் தைபேயில் ஆறு மாதமும் படித்தேன். வடகிழக்குச் சீனாவில் இருக்கும் ஹார்பின் பற்றி எழுதுவது அங்கே படித்துவிட்டு வந்த நண்பர்களிடம் கேட்டது.

பெய்ஜிங்கின் பலம் அனுபவம். வெளிநாட்டவருக்குச் சீனம் சொல்லிக்கொடுப்பதற்காகவே 1962இல் தொடங்கிய பெய்ஜிங் மொழி, பண்பாட்டுப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது, எந்த நிலையில் போய் நின்றாலும் அதற்கு ஒரு வகுப்பு உண்டு. காலை முழுக்கப் பாடம், வகுப்பில் 15, 20 பேர் இருப்பது சாதாரணம், மதியத்துக்கு மேல் நேரம் உங்களுடையது. சிக்கல் அந்த மதியத்தில்தான். நான் படித்த இடத்தில் (அது வேறு பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம்) வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனி விடுதிக் கட்டடம். என் வராந்தாவில் கொரியா, கஜகஸ்தான், பாகிஸ்தான் என்று எல்லா நாட்டுக்காரர்களும் இருந்தார்கள், பேசியது முழுக்க இங்கிலீஷ். முதல் இரண்டு மாதம் நான் சீனத்தில் பேசிய ஒரே ஆள் கேன்டீனில் கரண்டி பிடித்து நின்ற அம்மா. அவரிடமும் பேசவில்லை, கண்ணாடிக்கு மேலே விரலை நீட்டினால் போதும், தட்டில் விழுந்துவிடும். டிசம்பரில் ஒரு நாள் ஆவி படிந்து கண்ணாடிக்குள் எதுவும் தெரியவில்லை, பின்னால் வரிசை நிற்கிறது, அவர் "எது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், வேறு வழியில்லாமல் தக்காளி முட்டைப் பொரியலுக்கு "ஷீஹொங்ஷி சாவ் ஜிதான்" என்று வாய் திறந்தேன். அந்த வாரத்திலிருந்துதான் என் சீனம் தொடங்கியது.

உச்சரிப்புக்குப் பெய்ஜிங்தான் சுத்தம் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் சரிபார்க்க வேண்டும். பொதுமொழிக்கான (பள்ளியிலும் டிவியிலும் பேசும் மாண்டரின்) ஒலிகளை 1953இல் போய்ச் சேகரித்தது ஹெபெய் மாகாணத்து லுவான்பிங் என்ற ஊரில். பெய்ஜிங் தெருப்பேச்சில் சொல்லின் கடைசியில் நாக்கை மடக்கும் பழக்கம் உண்டு. 'எங்கே' என்பது அங்கே "நாழ்", கிட்டத்தட்ட நம் ழ்தான், தமிழ்க்காரர்களுக்கு இது முதல் நாளே வந்துவிடுகிறது. தைபேயில் அதே கேள்வி "நாலி". தக்காளியும் அங்கே ஷீஹொங்ஷி இல்லை, "ஃபான்ச்சியே". உருளைக்கிழங்குக்குப் பெய்ஜிங்கில் சொல்லும் சொல்லைத் தைவானில் சொன்னால் பலருக்கு வேர்க்கடலைதான் நினைவுக்கு வரும்.

சரி, தைபே. இங்கே தேசிய தைவான் நார்மல் பல்கலைக்கழகத்தின் மாண்டரின் பயிற்சி மையம் 1956இலிருந்து இருக்கிறது. வகுப்புகள் சின்னவை, வருடத்துக்கு நான்கு முறை சேரலாம், செப்டம்பரை விட்டால் பிப்ரவரி, மார்ச் வரை காத்திருக்கும் தொல்லை கிடையாது. இன்னும் தீவிரமாகப் படிக்க விரும்பினால் தேசிய தைவான் பல்கலைக்கழகத்தின் ஐசிஎல்பி என்ற சீன மொழி மையம். ஒரு வகுப்பில் மூன்று நான்கு பேர்தான், தனியாக ஆசிரியரோடு உட்காரும் நேரமும் உண்டு, கட்டணமும் அதற்கேற்ப சில மடங்கு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் 1963இல் தைபேயில் தொடங்கிய மையத்தின் மரபு அது. அந்த மையத்தின் பெயரை 1997இல் பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார்கள். இப்போது எதிர்த் திசையிலும் நகர்கிறார்கள், ஹார்வர்டு தன் கோடைக்காலச் சீன வகுப்பைப் பெய்ஜிங்கிலிருந்து 2022இல் தைபேய்க்கு மாற்றியது.

தைவானில் பழைய முழு எழுத்துகள். பயப்படுகிறார்கள், கோடுகள் அதிகம் என்பதும் உண்மைதான், ஆனால் எனக்கு அதில் குழப்பம் குறைந்தது. சீனாவின் சுருக்க எழுத்தில் 'முகம்' என்பதற்கும் 'நூடுல்ஸ்' என்பதற்கும் ஒரே எழுத்து. தைபே கடைப் பலகையில் நூடுல்ஸுக்குப் பக்கத்திலேயே கோதுமை எழுத்து ஒட்டிக்கொண்டு நிற்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். அப்புறம் அங்கே பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் 37 ஒலிக்குறிகள். ஒரு வாரம் செலவழித்துப் படித்துவிடுங்கள். சீன ஒலியை இங்கிலீஷ் எழுத்தில் எழுதும் பிங்யினைப் பார்த்தால் வாய் தானாக இங்கிலீஷுக்குப் போகிறது, பெய்ஜிங் என்பதையே தப்பாகச் சொல்கிறோம், அது பஸ்ஸில் வரும் ப இல்லை, பல்லில் வரும் ப.

ஹார்பின் குளிர். ஜனவரி இரவில் மைனஸ் 20க்குக் கீழே போவது சாதாரணம், கட்டடங்களில் ஹீட்டிங் அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை ஓடும். ரயில் பாதைக்காக 1898இல் எழுந்த ஊர், ஷாண்டோங், ஹெபெய் என்று பல இடத்து மக்கள் வந்து சேர்ந்ததால் பேச்சு பொதுமொழிக்கு ரொம்ப நெருக்கம். வெளிநாட்டவர் குறைவு. வெளியே போக முடியாத குளிரில் அறைத்தோழர் சீனராக இருந்துவிட்டால் அதைவிடப் பெரிய வகுப்பு கிடையாது என்கிறார்கள் நண்பர்கள், நானும் நம்புகிறேன்.

பணம், காகிதம் பற்றிச் சுருக்கமாக: சீன அரசு உதவித்தொகை மொழிப் படிப்புக்கும் கிடைக்கும். தைவானின் ஹுவாயூ உதவித்தொகை மாதாமாதம் பணமாக வரும், கட்டணத்தை அதிலிருந்தே கட்ட வேண்டும். சீனாவில் 180 நாளுக்கு மேல் என்றால் எக்ஸ்1 விசா, இறங்கி 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். தைவானில் வாரம் 15 மணி நேர வகுப்பில் சேருங்கள், அதற்குக் குறைந்தால் விசா நீட்டிப்பில் சிக்கல்.

ஒன்றுமே தெரியாமல் முதல்முறை போகிறவரை நான் தைபேய்க்குத்தான் அனுப்புவேன். ஷென்ஜென், யீவூ போன்ற சீன ஊர்களில் வியாபாரத்துக்காகப் படிப்பவருக்குச் சுருக்க எழுத்தும் அந்தப் பக்கத்துச் சொற்களும் வேண்டும், அவர் பெய்ஜிங்கைத் தாண்டி நேராக ஹார்பின் போகட்டும். எங்கே போனாலும் பணம் கட்டும் முன் அலுவலகத்துக்கு ஒரு மெயில் போடுங்கள்: என் நிலை வகுப்பில் எத்தனை பேர், சீன அறைத்தோழர் கிடைப்பாரா, விடுதிக்கு வெளியே வீடு எடுக்க விடுவீர்களா?