365 என்று போட்டு விற்ற ஊதா விளக்கு: 214 டாலர் போச்சு

அக்டோபர் 31-இல் வரும் பேய் வேடப் பண்டிகையான ஹாலோவீன் முடிந்து மூன்று நாள் ஆகிறது. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. 214 டாலர். நான்கு விளக்குக்கு 214 டாலர் கொடுத்து, 22 குழந்தைகள் முன்னால் அசடு வழிந்து நின்றதுதான் மிச்சம். அடுத்த வருடம் பிளாக் லைட் (சில பொருட்களை இருட்டில் ஒளிரவைக்கும் புற ஊதா விளக்கு) வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். அதற்கு முன் நடந்ததைக் கொட்டிவிட வேண்டும்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சி. இந்த முறை மகளின் வகுப்புப் பிள்ளைகளை எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டுக்குக் கூப்பிட்டிருந்தோம். சாதாரண அலங்காரம் வேண்டாம், இருட்டில் எல்லாமே ஒளிர வேண்டும் என்பது அவள் ஆசை. சரி என்று இரண்டு வாரம் உட்கார்ந்து செய்தோம். சீஸ்கிளாத் என்ற மெல்லிய வலைத் துணியைச் சோளமாவுக் கஞ்சியில் முக்கி, பலூன் மேல் போர்த்திக் காயவைத்தால் விறைப்பாகப் பேய் மாதிரி நிற்கும். அந்தக் கஞ்சியில் சலவை திரவத்தைக் கலந்துவிட வேண்டும். துணியைப் பளிச்சென்று காட்டுவதற்காக அதில் சேர்க்கும் பொருள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல வெள்ளையாகத் திருப்பிக் கொடுக்கும். டானிக் வாட்டர் என்ற கசப்பு சோடாவில் க்வினைன் என்ற பொருள் இருப்பதால் அதில் செய்த ஜெல்லி நீலமாக ஒளிரும். ஜன்னல் கண்ணாடியில் வாஸ்லின் தடவிய விரலால் கைரேகை வைத்தோம்; சாதாரண வெளிச்சத்தில் தெரியாது, பிளாக் லைட்டில் மட்டும் வெளிறிய நீலத்தில் தெரியும். மஞ்சள்தூளை ரப்பிங் ஆல்கஹாலில் கலக்கி வடிகட்டி, சூனியக்காரியின் மருந்து என்று இறுக மூடிய பாட்டிலில் வைத்தேன். அது பச்சை கலந்த மஞ்சளில் மின்னும். ஊரிலிருந்து வீடியோவில் பார்த்த அம்மா, "மஞ்சளை இதுக்கா வீணாக்குறே?" என்று திட்டினார்கள்.

இத்தனையும் நிற்பது விளக்கை நம்பித்தான். கடையில் கிடைக்கும் கருநீலக் குழல் விளக்கு இரண்டு போதும் என்று வீட்டுக்காரர் அப்போதே சொன்னார். நான்தான் கேட்கவில்லை. எல்இடி ஃப்ளட் லைட் என்றால் பேஸ்மென்ட் முழுக்க அடிக்கும் என்று படித்திருந்தேன். அதில் ஒளியின் அலைநீளத்தைப் பொறுத்து இரண்டு வகை: 395 நானோமீட்டர், 365 நானோமீட்டர். 395 மலிவு, ஆனால் கண்ணுக்கே ஊதாவாகத் தெரியும் வெளிச்சமும் நிறைய வரும். அந்த ஊதாவில் பொருளின் ஒளி அமுங்கிவிடும். 365-இல் அறை இருட்டாகவே இருக்கும், பொருள் மட்டும் தனியாக எரியும். விலைதான் கூட.

பலரும் பொருள் வாங்கும், ஆனால் வேறு யாரோ விற்கும் பெரிய ஆன்லைன் சந்தை ஒன்றில் தேடினேன். 365 என்று போட்டு, ஒவ்வொன்றும் 100 வாட் என்று போட்டு, நான்கு விளக்கு. வரியோடு 214 டாலர். ஸ்டார் எல்லாம் நன்றாகவே இருந்தது. இருந்தாலும் நான் ஏமாளி இல்லை என்று காட்டிக்கொள்ள விற்பவருக்கே ஒரு கேள்வி அனுப்பினேன்: "இது நிஜமாகவே 365 தானா? ஊதா வெளிச்சத்தைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி ஃபில்டர் இருக்கிறதா?" பத்தே நிமிடத்தில் பதில். "ஆமாம் அன்பு நண்பரே, உண்மையான 365 சிப், ஃபில்டர் உண்டு. உங்கள் குழந்தைகள் மிகவும் மகிழ்வார்கள்." என் குழந்தைகளைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹாலோவீன் சமயத்தில் கேட்பவருக்கெல்லாம் அதே வரியைத்தான் ஒட்டியிருப்பார்கள் என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு அந்த ஒரு வரியில் விழுந்துவிட்டேன். இவ்வளவு அக்கறையாகப் பதில் சொல்கிறவரா ஏமாற்றப்போகிறார் என்று பணத்தைக் கட்டினேன். அதுவும் தீபாவளிக்கு வந்த பரிசு அட்டைகளை எல்லாம் போட்டு. அந்த முட்டாள்தனத்துக்குப் பின்னால் வருகிறேன்.

23-ஆம் தேதி பெட்டி வந்தது. ஒன்றை எடுத்துச் சொருகிப் பார்த்தேன். அறை ஊதாவாக மாறியது. மேசையில் கிடந்த நியான் ஆரஞ்சு சார்ட் பேப்பர் நெருப்பு மாதிரி எரிந்தது. ஆகா என்று மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பேய்கள் அப்போது இன்னும் கஞ்சி காயாமல் கராஜில் இருந்தன. அவற்றையும் ஒரு தடவை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை. பிள்ளைகள் வந்தாயிற்று. நானே ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி விளக்கை அணைத்து, நான்கு ஃப்ளட் லைட்டையும் போட்டேன். பேஸ்மென்ட் முழுக்க ஊதா. அவ்வளவுதான். பேய்கள் அழுக்குத் துணி காயப்போட்ட மாதிரி தொங்கின. ஜெல்லி ஒளிரவில்லை. கைரேகை இருக்கும் இடமே தெரியவில்லை. அந்த ஆரஞ்சு பேப்பர் மட்டும் சுவரில் தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு குட்டிப் பையன் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, "ஆன்ட்டி, எப்போ ஆரம்பிக்கும்?" என்றான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

காப்பாற்றியது ஒரு குழந்தையின் அப்பா. அவருக்குக் கல் சேகரிக்கும் பைத்தியம். எங்கள் மாநிலத்தின் வடக்கே ஃபிராங்க்ளின் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஒளிரும் கனிமங்களுக்கு உலகத் தலைநகர் என்று பெருமையடித்துக்கொள்ளும் ஊர். அங்கே போய்வருகிறவர் என்பதால் காரிலேயே ஒரு 365 டார்ச் வைத்திருந்தார். அதைப் பேயின் மேல் அடித்தார். அப்படியே நீல வெள்ளையில் குதித்தது! பிள்ளைகள் கத்திய கத்தலில் மாடி அதிர்ந்தது. மீதி நேரம் அந்த ஒரு டார்ச்சை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு விளையாடினார்கள்.

அப்புறம் அவர் ஒரு 20 டாலர் நோட்டை எடுத்தார். 5 டாலரும் அதற்கு மேலும் உள்ள அமெரிக்க நோட்டுகளில் உள்ளே ஓர் இழை ஓடும். புற ஊதாவில் 20 டாலர் நோட்டின் இழை பச்சையாகவும், 5 டாலரில் நீலமாகவும், 100-இல் இளஞ்சிவப்பாகவும் ஒளிரும். அவர் டார்ச்சில் பச்சைக் கோடு பளிச்சென்று வந்தது. என் 214 டாலர் விளக்கில் ஒன்றுமே இல்லை. நியான் சாயங்கள் சாதாரண ஊதா, நீல வெளிச்சத்திலேயே எரியும், அதை வைத்துச் சோதித்தால் எந்த விளக்கும் பாஸ் ஆகிவிடும் என்றார். சொருகும் இடத்தில் மின்சாரத்தை அளக்கும் கருவியை மறுநாள் மாட்டிப் பார்த்தோம். 100 வாட் என்ற விளக்கு இழுத்தது 18 வாட்.

விற்பவருக்கு எழுதினேன். முதல் பதில்: "அன்பு நண்பரே, அறையை இன்னும் இருட்டாக்குங்கள்." நோட்டு, பேய், டார்ச் எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டாவது பதில்: "உங்கள் பொருட்கள் நல்ல தரமானவை அல்ல." என் பேயைக் குறை சொல்கிறார்! மூன்றாவது: "15 டாலர் தருகிறோம், விளக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்." மறுத்தேன். 20 ஆயிற்று, புகாரை நீக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. திருப்பி அனுப்புகிறேன் என்றால், வெளிநாட்டு முகவரிக்கு என் செலவில் அனுப்ப வேண்டுமாம். விசாரித்தேன், அந்தச் செலவே கிட்டத்தட்ட விளக்கின் விலை.

சந்தைக்காரர்களின் சாட்டில் போனேன். "உங்கள் வருத்தம் புரிகிறது" என்று மூன்று பேர் மூன்று முறை சொன்னார்கள். திருப்பித் தரும் கெடு 7 நாள், அது 30-ஆம் தேதியே முடிந்ததாம். 31-ஆம் தேதிக்கான பொருளுக்கு 30-ஆம் தேதி கெடு! நான் எழுதிய விமர்சனத்தையும் விதிமுறைக்கு ஒத்துவரவில்லை என்று போடவில்லை. வங்கியில் முறையிடலாம் என்றால், பணம் போனது பரிசு அட்டையில். கிரெடிட் கார்டாக இருந்தால் சொன்னபடி பொருள் வரவில்லை என்று பில் வந்த 60 நாளுக்குள் தகராறு எழுப்பியிருக்கலாம். பரிசு அட்டைக்கு அந்த வழி இல்லை. 214 டாலரும் போனது போனதுதான்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது, காலையில் வேலை இருக்கிறது. அவசரமாக நாலு வார்த்தை. பெட்டி வந்த அன்றே 20 டாலர் நோட்டையும் டானிக் வாட்டரையும் வைத்துப் பாருங்கள், நியான் பேப்பரை நம்பாதீர்கள். பரிசு அட்டையில் கட்டாதீர்கள். ஊதாச் சாயம் பூசிய குண்டு பல்ப் சில டாலருக்குக் கிடைக்கும், அது சுடுமே தவிர எதையும் சரியாக ஒளிரவைக்காது. கிருமி கொல்லும் யூவிசி விளக்கை மட்டும் பிளாக் லைட் என்று நினைத்து மாட்டிவிடாதீர்கள், கண்ணும் தோலும் வெந்துவிடும். 2023 நவம்பரில் ஹாங்காங்கில் ஒரு விழாவுக்குப் போனவர்கள் அங்கே போட்ட புற ஊதா விளக்கால் கண் எரிச்சலோடு மருத்துவமனைக்கு ஓடியிருக்கிறார்கள். நல்ல 365 விளக்கையும் குழந்தைகள் நேராகப் பார்க்காத உயரத்தில் வையுங்கள். குழல் விளக்கே போதும் என்று வீட்டில் யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.