மூன்று மானிட்டர், ஒரு டிவி, ஒரே கார்டு: ஆர்டிஎக்ஸ் 3060 உடன் மூன்று வருடம்

ஆர்டிஎக்ஸ் 3060 என்ற இந்தக் கிராபிக்ஸ் கார்டை வாங்கியது 2022 நவம்பரில். பல்லடம் பக்கம் எங்கள் வீட்டு மாடியில்தான் எடிட்டிங் அறை. பகலெல்லாம் கல்யாண வீடியோ, ராத்திரி பத்து மணிக்கு மேல் கேம். மேஜையில் மூன்று 24 இஞ்ச் ஃபுல் எச்டி மானிட்டர், சுவரில் ஒரு டிவி. கல்யாண வீட்டுக்காரர்கள் வந்தால் டிவியில்தான் படம் பார்ப்பார்கள். நான்கு திரையையும் மூன்று வருடமாக இந்த ஒரே கார்டு ஓட்டுகிறது.

வாங்கிய சமயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2021 முழுக்க மைனிங், அதாவது கம்ப்யூட்டரை ஓட்டி கிரிப்டோ நாணயம் சேர்ப்பதைச் செய்பவர்கள் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனதால் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங் முறையையே கைவிட்டது. அதற்கப்புறம்தான் நம் கைக்கு அடங்கும் விலைக்கு வந்தது. காந்திபுரத்தில் ஒரு கடையில் 31,000 ரூபாய்க்குப் பேசி முடித்தேன். கடைக்காரர் விடவில்லை. "தம்பி, இன்னொரு ஏழாயிரம் போட்டீங்கன்னா 3060 டிஐ எடுத்துக்கலாமுங்க. கேமு இதவிட நல்லா வேகமா ஓடுமுங்க" என்றார். அவர் சொன்னது உண்மைதான். டிஐ வேகமான கார்டு. ஆனால் அதில் மெமரி 8 ஜிபி, இதில் 12. வேகம் குறைந்தால் ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக எழுதுவது) முடிய இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்கலாம். மெமரி போதாவிட்டால் வேலையே நின்றுவிடும் என்று நினைத்து 12 ஜிபியை எடுத்தேன்.

அது எவ்வளவு சரி என்று அடுத்த தை மாதமே தெரிந்தது. எங்கள் பக்கக் கல்யாணத்தில் இணைச்சீர், மங்கல வாழ்த்து என்று சீர் ஒவ்வொன்றும் முழுசாக வேண்டும். எதையும் வெட்டினால் பெரியவர்கள் வருத்தப்படுவார்கள். மூன்று கேமரா, எல்லாம் 4கே. மண்டபத்து விளக்கு மங்கலாக இருந்த இடங்களுக்கு டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ என்ற எடிட்டிங் மென்பொருளில், படத்தில் வரும் புள்ளிகளை நீக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் கார்டின் மெமரி 10 ஜிபியைத் தாண்டி நின்றதைப் பார்த்தேன். அதே புராஜெக்டை கோபியில் இருக்கும் நண்பர் தன் 3060 டிஐயில் திறந்தார். ரெண்டர் பாதியில் நின்று, கார்டின் மெமரி நிரம்பிவிட்டது என்று செய்தி வந்தது. டைம்லைனை ஃபுல் எச்டிக்கு இறக்கித்தான் அவரால் முடிக்க முடிந்தது.

இதில் ஒரு பெயர்க் குழப்பமும் உண்டு. 2022 அக்டோபரில் 3060 என்ற அதே பெயரில் 8 ஜிபி கார்டு ஒன்றும் வந்தது. மெமரி குறைந்தது மட்டுமில்லை, மெமரிக்குப் போகும் பாதையும் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகச் சுருங்கிவிட்டது. பெட்டியின் மேல் எண்ணைப் படிக்காமல் பில் போடாதீர்கள். 2025 ஏப்ரலில் வந்த 5060 டிஐயும் 8, 16 என்று இரண்டு அளவில் இருக்கிறது.

அடுத்தது போர்ட். இந்தக் கார்டில் மூன்று டிஸ்பிளேபோர்ட், ஒரு எச்டிஎம்ஐ. ஒரே சமயத்தில் நான்கு திரைதான் அதிகபட்சம். மூன்று மானிட்டர் டிஸ்பிளேபோர்ட்டில், டிவி எச்டிஎம்ஐயில் என்று எனக்குக் கணக்கு நேராகிவிட்டது. கார்டு எடுக்கும் முன்பே மானிட்டர்களின் பின்பக்கத்தைத் திருப்பி எந்தெந்த போர்ட் இருக்கிறது என்று குறித்துக்கொண்டதால் கன்வெர்ட்டர் எதுவும் வாங்க வேண்டி வரவில்லை.

கேபிளில்தான் பத்து நாள் போனது. மூன்றாவது மானிட்டருக்கு மலிவாக ஒரு டிஸ்பிளேபோர்ட் கேபிள் வாங்கி மாட்டினேன். அன்றிலிருந்து கம்ப்யூட்டரை அணைத்தாலும் கேபினட் விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. காலையில் ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் சுற்றும், திரை வராது. கேபிளைப் பிடுங்கினால் உடனே வரும். காரணம் டிஸ்பிளேபோர்ட் முனையில் இருக்கும் 20ஆம் எண் பின் (pin). அது 3.3 வோல்ட் மின்சாரத்துக்கானது. சாதாரண மானிட்டர் கேபிளில் அந்தப் பின்னுக்குக் கம்பி போகக் கூடாது. மலிவுக் கேபிளில் கம்பி இருந்ததால் மானிட்டரிலிருந்து மின்சாரம் கார்டுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. டிஸ்பிளேபோர்ட் தரத்தை வகுக்கும் வெசா அமைப்பின் சான்று பெற்ற கேபிள் மாற்றியதும் சரியாகிவிட்டது.

நடு மானிட்டர் 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 முறை படம் மாறும்; இரண்டு பக்கமும் 60. இந்தக் கலவையில் எந்த வேலையும் செய்யாதபோதுகூடக் கார்டின் மெமரி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா இருக்கும்போதே 35 வாட். நின்றிருக்க வேண்டிய ஃபேன் சுற்றுவதும் நிற்பதுமாகத் தொந்தரவு. நடு மானிட்டரை 120க்கு இறக்கியதும் 17 வாட்டுக்கு வந்துவிட்டது. 120 என்பது 60இன் சரியான இரண்டு மடங்கு என்பதால் கார்டுக்கு மூன்று திரையையும் ஒத்து ஓட்டுவது எளிதாகிறது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கேம் பற்றிச் சொல்வதானால், மூன்று ஃபுல் எச்டி சேர்ந்தால் 5760க்கு 1080, அதாவது சுமார் 62 லட்சம் பிக்சல். 4கே திரை ஒன்றில் சுமார் 83 லட்சம். ஆகவே 4கேயில் முக்கால் பங்கு சுமை. புதிய பெரிய கேம்களுக்கு 3060இன் தெம்பு போதாது, அவற்றை நடுத் திரையில் மட்டும் ஆடுகிறேன். மூன்று திரையிலும் நான் ஓட்டுவது யூரோ டிரக் சிமுலேட்டர் 2. நாமக்கல், சங்ககிரி லாரிகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது பிடிக்காமல் போகுமா? இந்தக் கார்டின் சிப்பைச் செய்யும் என்விடியாவின் சரவுண்ட் என்ற வசதியில் மூன்றையும் ஒரே திரையாகச் சேர்த்தால் ஓரத்துப் படம் இழுத்துக்கொண்டு நிற்கும். கேமின் உள்ளேயே மூன்று திரைக்கும் தனித்தனிக் கோணம் கொடுக்கும் அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டதும் இடது மானிட்டரில் பக்கக் கண்ணாடி கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்தது. ரிவர்ஸ் எடுக்கும்போது கழுத்தை நிஜமாகவே திருப்பிப் பார்க்கிறேன். அந்த ஒரு சந்தோஷத்துக்கே மூன்று மானிட்டர் தகும்.

2024 கோடையில் ஒரு பிரச்சினை. ரெண்டரில் 70 டிகிரியில் இருந்த கார்டு 84ஐத் தொட்டது, சத்தமும் தாங்கவில்லை. வெயில் காரணம் என்றே நினைத்தேன். பக்கத்துத் தறிக்குடோன் மாமா மேலே வந்தவர் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ஏங்கண்ணு, எங்க தறிக்குப் பஞ்சு போக ப்ளோயர் அடிக்கறமல்ல, உம்பட பொட்டிக்கு அடிக்க வேண்டாமா?" என்றார். திறந்து பார்த்தால் ஃபேனுக்குக் கீழே அலுமினியத் தகடுகளின் மேல் பஞ்சு கம்பளி மாதிரி படிந்திருந்தது. விரல் நகத்தால் உரித்தால் ஒரே துண்டாக வந்தது. சாதாரணத் தூசி பறந்துவிடும், தறிப் பஞ்சு ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளும். அவரிடமே ப்ளோயர் வாங்கி, ஃபேன் இறக்கைகள் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊதினேன். சுற்ற விட்டு ஊதினால் ஃபேன் அளவுக்கு மீறி ஓடிக் கெட்டுப்போகலாம். அன்று மாலையே 71 டிகிரி. இப்போது மாதம் ஒரு முறை ஊதுகிறேன். சோமனூர், பள்ளிபாளையம், குமாரபாளையம் என்று தறி ஓடும் ஊரில் இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம். சித்திரை, வைகாசியில் 170 வாட் கார்டின் மின்சாரத்தை ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் 80 சதவீதத்துக்குக் கட்டிப்போடுகிறேன், ரெண்டர் நேரம் கொஞ்சம்தான் கூடுகிறது.

சென்ற ஆவணியில்தான் பெரிய பாடம் கிடைத்தது. புதிதாக வாங்கிய கேமரா 10 பிட் 4:2:2, அதாவது நிற விவரம் அதிகம் பதியும் வடிவில் வீடியோ எடுக்கும். நிறம் திருத்த அருமையான சரக்கு. டைம்லைனில் போட்டால் நொண்டியது, புராசஸர் 100 சதவீதத்தில் நின்றது, கார்டு சும்மா இருந்தது. 3060இல் வீடியோவைப் படிக்கும் பகுதியான டிகோடருக்கு 4:2:2 படிக்கத் தெரியாது. அதற்கடுத்து வந்த 40 வரிசைக் கார்டுகளுக்கும் தெரியாது. என்விடியாவில் 2025இல் வந்த 50 வரிசைக்குத்தான் தெரியும். நல்ல வேளையாக என் புராசஸர் இன்டெல் ஐ5 12400, கடைசியில் எஃப் இல்லாதது. எஃப் எழுத்து இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இருக்காது. இந்த 12ஆம் தலைமுறை இன்டெல் கிராபிக்ஸுக்கு எச்.265 (வீடியோவைச் சுருக்கி எழுதும் ஒரு முறை) 4:2:2 படிக்கத் தெரியும். கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பான பயாஸில் அதை இயக்கி, டிரைவர் போட்டு, ரிசால்வின் டிகோட் அமைப்பில் இன்டெலையும் டிக் செய்தேன். மூன்று கேமராவும் சேர்ந்து தண்ணீர் மாதிரி ஓடியது. ஒன்று கவனிக்க வேண்டும்: எச்.264 என்ற பழைய முறையில் 4:2:2 எடுத்தால் இதற்கும் படிக்கத் தெரியாது. கேமராவிலேயே எச்.265ஐத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

யாராவது இப்போது கேட்டால் முதலில் உங்கள் கேமரா என்ன வடிவில் எழுதுகிறது என்றுதான் திருப்பிக் கேட்கிறேன். அதற்கப்புறம் மெமரி, அப்புறம் போர்ட், கடைசியில்தான் கேம் வேகம். வீடியோ வேலை இல்லாமல் கேம் மட்டும் ஆடுபவருக்கு இந்த வரிசை அப்படியே தலைகீழ். அவர் டிஐயே எடுத்திருக்கலாம்.

நான் அடுத்து எடுப்பதாக இருந்தால் 16 ஜிபியும் 4:2:2ம் சேர்ந்த கார்டு. தை முகூர்த்தங்கள் முடியட்டும் என்று பார்க்கிறேன். அது வந்தால் இந்த 3060 கோபி நண்பரின் கேபினட்டுக்குப் போகும் என்று பேசி வைத்திருக்கிறோம். பஞ்சு ஊதிச் சுத்தம் செய்துதான் கொடுப்பேன்.